மாந்தோப்பு ஒப்பந்தமும் சூறைக்காற்றும்: ப்ராப்ளம் கேள்விக்கு விடை எழுதும் முறை

பிப்ரவரி மாதம். சந்தூர் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் காவேரிப்பட்டணத்து மாங்காய் மண்டிக்காரருக்கு எழுதிக் கொடுக்கிறார்: “என் தோப்பில் விளையும் பெங்களூரா காயில் 20 டன், டன் 18,000 ரூபாய் வீதம், ஜூன் மாதம் தருகிறேன்.” அட்வான்ஸாக 50,000 ரூபாய் வாங்கிக்கொள்கிறார். மே மாதம் சூறைக்காற்றும் ஆலங்கட்டி மழையும் அடித்துக் காய் உதிர்ந்துவிடுகிறது. மரத்தில் தங்கியது 8 டன். ஜூனில் சந்தை விலை டன் 26,000 ஆகிவிடுகிறது. “காற்றோடு காயும் போச்சு, ஒப்பந்தமும் போச்சு” என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த 8 டன்னையும் தோப்புக்காரர் வேறொருவருக்கு 26,000 விலைக்குக் கொடுத்துவிடுகிறார். மண்டிக்காரர் 20 டன்னையும் வெளியில் 26,000 கொடுத்து வாங்குகிறார். வாங்கிச் சேர்ப்பதற்குள் ஏற்றுமதி ஆர்டர் ஒன்று கைநழுவுகிறது. விலை வித்தியாசம் 1,60,000, அட்வான்ஸ் 50,000, ஏற்றுமதியில் போன லாபம் 3,00,000 என்று மூன்றையும் கேட்டு வழக்குப் போடுகிறார். அவருக்கு எவ்வளவு கிடைக்கும்?

சட்டக் கல்லூரியில் ப்ராப்ளம் கேள்வி என்று சொல்வது இதைத்தான். முதலாண்டு மாணவர்கள் எழுதும் விடை பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவு (எது செல்லும் ஒப்பந்தம்) ஒரு பத்தி, 56ஆம் பிரிவு (இயலாமற்போன காரியம்) ஒரு பத்தி, 73ஆம் பிரிவு (இழப்பீடு) ஒரு பத்தி, நடுவில் நாலைந்து வழக்குப் பெயர்கள், கடைசியில் “எனவே மண்டிக்காரருக்கு இழப்பீடு கிடைக்கும்”. எழுதிய சட்டம் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் இந்தத் தோப்பு, இந்தக் காற்று, இந்த 8 டன் எதுவும் விடைக்குள் வந்திருக்காது. தோப்புக்குப் பதில் நெல் வயல் என்று கேள்வியை மாற்றினாலும் அதே விடையை அப்படியே ஒட்டலாம் என்றால், சட்டத்தை ஒப்பித்திருக்கிறார்கள், பொருத்திப் பார்க்கவில்லை.

இதற்கு உலகெங்கும் சட்ட மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வரிசை ஒன்று உண்டு. ஐராக் (IRAC, நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்) என்பார்கள்: எழுவினா (தகராறுக்குரிய கேள்வி), விதி, பொருத்தம், முடிவு. நான்கில் மூன்றாவதில்தான் விடை நிற்கும், விழும். ஆகவே இந்தக் கட்டுரையும் அங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறது.

முதலில் வாசிப்பு. கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். “எவ்வளவு கிடைக்கும்” என்றால் இழப்பீட்டுக் கணக்கு வேண்டும். “ஒப்பந்தம் செல்லுமா” என்றால் கணக்கு தேவையே இல்லை. கடைசி வரி தெரிந்தபின் சங்கதிகளைப் படித்தால் எது முக்கியம் என்று கண்ணில் படும். தேதி, தொகை, அளவு, யார் யாரிடம் என்ன சொன்னார் ஆகிய நான்கையும் அடிக்கோடிடுங்கள். கேள்வி எழுதுபவர் காரணமில்லாமல் ஒரு சொல்லைச் சேர்ப்பது அரிது. மேலே உள்ள கதையில் விதியைத் தீர்மானிக்கும் சொற்கள் இரண்டே: “என் தோப்பில்”. அவசரமாகப் படிப்பவர் தாண்டிப் போகும் சொற்களும் அவைதான்.

அடுத்தது எழுவினாக்கள். இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் விஷயம் எழுவினா ஆகாது. ஒப்பந்தம் ஏற்பட்டதை இங்கே யாரும் மறுக்கவில்லை. முன்மொழிவு, ஏற்பு, மறுபயன் என்று ஒரு பக்கம் எழுதினால் நேரம்தான் போகும். “செல்லத்தக்க ஒப்பந்தம் உள்ளது, அதில் தகராறு இல்லை” என்ற ஒரு வரி போதும். தகராறு இருக்கும் இடங்கள் நான்கு. உதிர்ந்த 12 டன்னுக்குத் தோப்புக்காரர் பொறுப்பா? மிச்சமிருந்த 8 டன்னுக்குப் பொறுப்பா? அட்வான்ஸ் திரும்ப வருமா? ஏற்றுமதி லாபத்தைக் கேட்கலாமா? 20 டன்னை இப்படி 12, 8 என்று பிரிக்கத் தோன்றிவிட்டால் பாதி விடை வந்த மாதிரி. பிரிக்காதவர்கள் “ஒப்பந்தம் முழுக்கப் போய்விட்டது” என்றோ “முழுக்க நிற்கிறது” என்றோ எழுதுவார்கள். இரண்டுமே தவறு.

இப்போது விதி. பிரிவை மனப்பாடமாக எழுதுவதோடு நிறுத்தாமல் அதை உட்கூறுகளாக உடைக்க வேண்டும். 56ஆம் பிரிவின் இரண்டாம் பத்தியை உடைத்தால் இப்படி வரும்: ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு ஒன்று நடக்க வேண்டும், அதனால் செய்ய ஒப்புக்கொண்ட காரியம் இயலாததாகவோ சட்டத்துக்கு மாறானதாகவோ ஆக வேண்டும், தீர்ப்புகள் வழியே வந்த இன்னொன்று, அந்த இயலாமையை வாக்குக் கொடுத்தவரே உண்டாக்கிக்கொண்டிருக்கக் கூடாது. ரஃப் தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் உட்கூறு, இரண்டாவதில் அதற்குக் கேள்வியில் உள்ள சங்கதி, மூன்றாவதில் கேள்வியில் சொல்லப்படாதது. இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும் உட்கூறு நிரூபணமாகவில்லை என்று பொருள். அதை மறைக்க வேண்டாம். “இது கேள்வியில் சொல்லப்படவில்லை, இப்படி இருந்தால் இந்த முடிவு, அப்படி இருந்தால் அந்த முடிவு” என்று எழுதலாம். சங்கதியை நாமே கற்பனையில் சேர்ப்பது மட்டும் கூடவே கூடாது.

“இயலாதது” என்ற சொல்லுக்கு எவ்வளவு அகலம் என்பதை உச்ச நீதிமன்றம் 1954இல் சத்யபிரத கோஷ் எதிர் முக்னீராம் பாங்கூர் வழக்கில் விளக்கியது. உடல் வலுவால் செய்யவே முடியாத நிலை வந்தாக வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தத்தின் அடித்தளத்தையே ஒரு நிகழ்வு பெயர்த்துவிட்டாலும் போதும். மறுபக்கம், விலை ஏறிவிட்டது, கட்டுப்படி ஆகவில்லை என்பது இயலாமை ஆகாது. ராணுவத்துக்கு நெய் கொடுக்க ஒப்பந்தம் எடுத்தவர்கள் போர்க்கால விலையேற்றத்தைக் காரணம் காட்டிய அலோபி பர்ஷாத் வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. ஆகவே நம் தோப்புக்காரர் 26,000 ரூபாய் விலையை ஒரு சாக்காகச் சொல்ல முடியாது. காற்றைச் சொல்லலாம்.

காற்றைச் சொன்னாலும் எவ்வளவு தூரம்? இங்கேதான் “என் தோப்பில்” வருகிறது. “பெங்களூரா 20 டன் தருகிறேன்” என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் தோப்பில் ஒரு காய்கூட மிஞ்சாவிட்டாலும் பர்கூரிலோ போச்சம்பள்ளியிலோ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். காய் சந்தையில் இருக்கும்வரை அது இயலாத காரியம் ஆகாது. குறிப்பிட்ட தோப்பின் விளைச்சல் என்று எழுதியதால் நிலைமை மாறுகிறது. இங்கிலாந்தில் 1876இல் தீர்ப்பான ஹவல் எதிர் கூப்லாண்ட் வழக்கு இதற்குச் சரியாகப் பொருந்தும். குறிப்பிட்ட நிலத்தில் விளையும் உருளைக்கிழங்கில் 200 டன் தர ஒப்பந்தம். நோய் தாக்கி 80 டன் அளவுக்கே கிடைத்தது. அதை விவசாயி கொடுத்துவிட்டார். குறைந்த அளவுக்கு அவர் பொறுப்பில்லை என்று தீர்ப்பு.

கூப்லாண்ட் கிடைத்ததைக் கொடுத்தார், நம் தோப்புக்காரர் கொடுக்கவில்லை. வழக்கைப் பயன்படுத்துவது என்றால் இப்படி அங்கே என்ன, இங்கே என்ன என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். பெயரையும் ஆண்டையும் மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்தால் அது அலங்காரம். அந்த வேற்றுமைக்கு விடை சொல்ல இன்னொரு வழக்கு இருக்கிறது: 1972இல் தீர்ப்பான செய்ன்ஸ்பரி எதிர் ஸ்ட்ரீட். தன் பண்ணையில் விளையும் பார்லி 275 டன் தர ஒப்புக்கொண்டவருக்கு 140 டன்தான் விளைந்தது. அதை அவர் கூடுதல் விலைக்கு வேறொருவருக்கு விற்றார். விளையாத அளவுக்கு அவர் பொறுப்பில்லை, விளைந்த 140 டன்னைக் கொடுக்காததற்குப் பொறுப்பு என்றது நீதிமன்றம். இங்கிலாந்துத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டாது, வழிகாட்டும் மதிப்பு மட்டும் உண்டு. கட்டுப்படுத்துவது, அரசியலமைப்பின் 141ஆவது பிரிவுப்படி உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்றங்களுக்கு அடுத்தபடியாகச் சென்னை உயர் நீதிமன்றம். விடையில் எந்தத் தீர்ப்புக்கு எந்த எடை என்று ஒரு சொல்லாவது குறிப்பிடுங்கள்.

பொருத்திப் பார்க்கும் பத்தி தாளில் எப்படி இருக்கும்?

“ஒப்பந்தம் பிப்ரவரியில் ஏற்பட்டது, சூறைக்காற்று மே மாதம் அடித்தது, ஆகவே நிகழ்வு ஒப்பந்தத்துக்குப் பிந்தையது. விற்ற பொருள் தோப்புக்காரரின் சொந்தத் தோப்பின் விளைச்சல்; அதில் 12 டன் உதிர்ந்துவிட்டதால் அந்த அளவைத் தருவது இயலாததாயிற்று. காற்றை அவர் உண்டாக்கவில்லை. எனவே 12 டன்னைப் பொறுத்தவரை 56ஆம் பிரிவின் பாதுகாப்பு அவருக்கு உண்டு. 8 டன்னைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பு இல்லை. ஏனெனில் காய் மரத்தில் இருந்தது, அதைப் பறித்து மூன்றாம் நபருக்கு விற்றது அவருடைய சொந்த முடிவு.”

இந்தப் பத்தியில் சட்டம் மிகக் குறைவு, சங்கதி நிறைய. “ஆகவே”, “உதிர்ந்துவிட்டதால்”, “எனவே”, “ஏனெனில்” என்று பெரும்பாலான வாக்கியங்களில் ஒரு காரணச் சொல் இருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் எழுதிய விடையில் இந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் முழுக்க ஒன்றுகூட இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் பொருத்தம் நடக்கவில்லை.

எதிர்த்தரப்பு வாதமும் எழுத வேண்டும். மண்டிக்காரரின் வக்கீல் சும்மா இருக்க மாட்டார். கோடை மழையும் காற்றும் இந்தப் பக்கத்தில் புதிதில்லை, காய் உதிரும் என்று தோப்புக்காரருக்குத் தெரிந்தேதான் 20 டன்னுக்கு உறுதி கொடுத்தார், அந்த அபாயத்தை அவரே ஏற்றுக்கொண்டார் என்பார். வலுவான வாதம்தான். ஒப்பந்தத்தில் “எந்தக் காரணத்தாலும் குறையாமல்” என்பது போன்ற சொல் இருந்தால் அது வெல்லவும் கூடும். நம் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை, சொந்தத் தோப்பு விளைச்சல் என்றுதான் இருக்கிறது. ஆகவே முதல் நிலைப்பாடே வலுவானது என்று காரணத்தோடு சொல்லி முடிக்கலாம். கூடவே, இயலாமையைச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். உண்மை வழக்கில் இதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும், தோட்டக்கலைத் துறையின் சேதக் கணக்கெடுப்பும், காற்றடித்த மறுநாள் எடுத்த போட்டோவும் தேவைப்படும்.

பலர் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 8ஆம் பிரிவை இங்கே கொண்டுவருவார்கள். அது ஒப்பந்தத்தின்போதே அடையாளம் காட்டி ஒப்புக்கொண்ட குறித்த சரக்கு அழிவதைப் பற்றியது. பிப்ரவரியில் அந்த 20 டன் காய் மரத்தில் விளைந்து நிற்கவில்லை. அது வருங்காலச் சரக்கு. அதனால் 56ஆம் பிரிவு வழியாகப் போவதே பாதுகாப்பு.

கணக்குக்கு வருவோம். சரக்கைக் கொடுக்காத விற்பனையாளர் மீது இழப்பீடு கேட்கும் உரிமை சரக்கு விற்பனைச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் உள்ளது. அளவைத் தீர்மானிப்பது ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு. 8 டன்னுக்குச் சந்தை விலை வித்தியாசம் டன்னுக்கு 8,000 வீதம் 64,000 ரூபாய். மற்ற 12 டன்னுக்கு 96,000 கிடைக்காது. அட்வான்ஸ் 50,000 திரும்ப வர வேண்டும். ஒப்பந்தம் செல்லாமற்போனால் அதன்கீழ் பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு, மேலும் 8 டன்னுக்கு விலையாக வைத்துக்கொள்ளவும் அவர் சரக்கு எதையும் கொடுக்கவில்லை. ஏற்றுமதி லாபம் 3,00,000 பற்றி 73ஆம் பிரிவு இரண்டு கேள்வி கேட்கிறது: அந்த நட்டம் இயல்பாக விளையக்கூடியதா? இல்லையென்றால், ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்ததா? உடைந்த ஆலைத் தண்டைக் கொண்டுபோகத் தாமதித்த 1854ஆம் ஆண்டு ஹேட்லி எதிர் பாக்ஸன்டேல் வழக்கிலிருந்து வரும் விதி இது. பிப்ரவரியில் ஏற்றுமதி ஆர்டரைப் பற்றி மண்டிக்காரர் சொன்னதாகக் கேள்வியில் இல்லை. ஆகவே அந்தத் தொகை கிடைக்காது. மொத்தம் 1,14,000 ரூபாய். கேட்டது 5,10,000.

விடையை முடித்தபின் ஒரு சங்கதியை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிப்ரவரியிலேயே மண்டிக்காரர் ஏற்றுமதி ஆர்டரைக் காட்டியிருந்தால்? காற்று ஜனவரியில் அடித்து, தோப்புக்காரருக்கு மட்டும் அது தெரிந்திருந்தால்? தோப்புக்காரருக்கு வயது 17 என்றால்? கடைசிக் கேள்வியில் 1903ஆம் ஆண்டு மொஹரி பீபி வழக்கு வந்து மொத்த விடையையும் கவிழ்த்துவிடும், ஏனெனில் இளவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலேயே செல்லாது. ஒரே கேள்வியை இப்படி நாலு விதமாக மாற்றி எழுதுவது, நாலு புதுக் கேள்வி எழுதுவதைவிட அதிகம் கற்றுத்தரும்.

குற்றவியலிலும் முறை இதேதான், உட்கூறுகள் இன்னும் கறாராக இருக்கும். தருமபுரியில் ஒருவர் தன் பைக்கை மெக்கானிக் கடையில் விடுகிறார். வேலை முடிந்து கூலி 2,400 ரூபாய். பணம் கொடுக்காமல், இரவில் தன்னிடமுள்ள மாற்றுச் சாவியைப் போட்டு வண்டியை எடுத்துப் போய்விடுகிறார். திருட்டா? “தன் வண்டியைத் தானே எப்படித் திருட முடியும்” என்று கேட்கத் தோன்றும். சட்டத்தின் சொற்களைப் பாருங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டுக்கு உரிமையைக் கேட்கவில்லை, கைவசத்தைக் கேட்கிறது: அசையும் பொருள், அது இன்னொருவர் கைவசத்தில் இருப்பது, அவர் சம்மதம் இல்லாமை, நேர்மையற்ற எண்ணம், எடுப்பதற்காகப் பொருளை நகர்த்துவது. வண்டி அசையும் பொருள், மெக்கானிக்கின் கைவசம் இருந்தது, அவர் சம்மதிக்கவில்லை, நகர்த்தியாயிற்று. மிச்சம் நேர்மையற்ற எண்ணம். கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளும் பற்றுரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு மெக்கானிக்குக் கொடுக்கிறது. அந்தப் பிடிமானத்தைப் பறிக்கும் எண்ணத்தோடு எடுத்தால் அது அவருக்கு முறையற்ற நட்டம் உண்டாக்கும் எண்ணம், சட்டம் நேர்மையற்ற எண்ணம் என்பது அதைத்தான், ஆகவே திருட்டு.

இந்த விடை பிரிவுக்குக் கீழேயே எடுத்துக்காட்டாக அச்சாகியிருக்கிறது, பைக்குக்குப் பதில் கடிகாரம் என்ற ஒரே மாற்றத்தோடு. அதற்கு முந்தைய எடுத்துக்காட்டில் கடன் ஏதும் பாக்கி இல்லாதவர் தன் கடிகாரத்தைப் பறித்துப் போகிறார். அது திருட்டு ஆகாது, அத்துமீறலோ தாக்குதலோ ஆகலாம். பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத சட்ட மூலப் புத்தகம்) வாங்கிய பிறகும் எடுத்துக்காட்டுகளைப் படிக்காமல் தாண்டிப் போவது பெரிய இழப்பு. சட்டம் இயற்றியவர்களே ப்ராப்ளம் கேள்வியும் விடையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கேயும் ஒன்றை மாற்றிப் பாருங்கள்: இந்த வண்டிக்குக் கூலி கொடுத்தாயிற்று, மெக்கானிக் பிடித்து வைத்தது போன மாதம் வேறொரு வண்டிக்குச் செய்த வேலையின் பாக்கிக்காக. 170ஆம் பிரிவு அந்தந்தப் பொருளுக்குச் செய்த வேலையின் கூலிக்குத்தான் பற்றுரிமை தருகிறது. பற்றுரிமை இல்லையென்றால் முறையற்ற நட்டம் என்று சொல்வது கடினம். திருட்டு என்ற முடிவும் ஆட்டம் காணும்.

குற்றவியல் கேள்வியில் சம்பவத் தேதியைப் பார்க்காமல் பேனாவைத் திறக்க வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல்தான் அமலில் உள்ளது. அதற்கு முன் நடந்ததற்கு 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம். திருட்டுக்கு 378, 379. செயல் நடந்த நாளில் இருந்த சட்டப்படியே தண்டிக்க முடியும் என்று அரசியலமைப்பின் 20(1) பிரிவு சொல்கிறது. தீர்ப்பு வரும் நாள் கணக்கில் வராது. இதற்குத் தருமபுரி மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. அரூர் பகுதியின் வாச்சாத்தியில் பழங்குடி மக்கள் மீது அரசு ஊழியர்களின் கொடுமைகள் நடந்தது 1992 ஜூன் மாதம். தருமபுரி அமர்வு நீதிமன்றம் தண்டித்தது 2011இல். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. முப்பதாண்டு கடந்தும் 1992இல் இருந்த சட்டத்தின் உட்கூறுகளே அளவுகோல். மேல்முறையீட்டைத் தீர்ப்பதற்கு முன் உயர் நீதிமன்ற நீதிபதி அந்த ஊருக்கு நேரில் போய்ப் பார்த்தார். அந்தத் தீர்ப்பை நம் மாவட்டத்து மாணவர் ஒவ்வொருவரும் முழுக்கப் படிக்க வேண்டும். எந்தச் சாட்சியம் எந்தக் குற்றச்சாட்டை நிரூபிக்கிறது என்று ஒரு நீதிமன்றம் கோத்துக் காட்டுவதை ஏட்டில் பார்ப்பது பாடப்புத்தகத்தில் கிடைக்காது.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். ஒரு கேள்விக்கு 30 நிமிடம் இருந்தால் முதல் 8 நிமிடம் வாசிப்புக்கும் கட்டம் போடவும் கொடுங்கள். 18 நிமிடம் எழுத்து, 4 நிமிடம் திரும்பப் படிக்க. பக்கத்து மேசையில் பேனா ஓடுகிறதே என்று பதறி உடனே எழுத ஆரம்பிப்பவர்கள்தான் இரண்டாம் பக்கத்தில் ‘என் தோப்பில்’ என்ற சொற்களைக் கண்டு அடித்துத் திருத்துவார்கள். முடிவில் “நியாயப்படி”, “மனிதாபிமான அடிப்படையில்” என்று எழுதுவதையும் விடுங்கள். எந்தப் பிரிவின் எந்த உட்கூறு நிறைவேறியது அல்லது நிறைவேறவில்லை என்பதே முடிவின் காரணமாக இருக்க வேண்டும்.

எழுதிப் பழக ஒரு கேள்வி. ஒகேனக்கல்லில் ஒரு பரிசலில் ஐந்து பேர் ஏறுகிறார்கள். பரிசல்காரர் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுக்கிறார். நடு ஆற்றில் ஒரு வாலிபர் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு செல்ஃபி எடுக்க எழுந்து நிற்கிறார். “உட்காருப்பா” என்று பரிசல்காரர் ஒருமுறை சொல்கிறார், அவர் உட்காரவில்லை, பரிசல்காரர் துடுப்பை நிறுத்தாமல் பாறைப் பக்கம் போகிறார். பரிசல் சாய்கிறது. அமைதியாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்குக் கை எலும்பு முறிகிறது. அவர் பரிசல்காரரிடம் இழப்பீடு கேட்கலாமா? கவனக்குறைவின் உட்கூறுகள் மூன்று: கவனமாக இருக்கும் கடமை, அது மீறப்படுவது, மீறலால் நட்டம். முதலும் மூன்றும் எளிது. இரண்டாவதில்தான் “ஒருமுறை” என்ற சொல்லும் “துடுப்பை நிறுத்தாமல்” என்ற சொல்லும் வேலை செய்கின்றன. வாலிபரின் தவறைப் பங்களிப்புக் கவனக்குறைவு என்று எழுதும் முன் நிதானியுங்கள்: அந்தத் தற்காப்பு கேட்பவரின் சொந்தத் தவறுக்கு மட்டும்தான் பொருந்தும், அந்த அம்மா அசையக்கூட இல்லை.